கல்லூரிச் சேர்க்கைக்கான ஆங்கிலத் தேர்வு: தேவையைப் படிப்பதிலிருந்து மதிப்பெண் போய்ச் சேரும்வரை

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஒரு மாணவியின் மதிப்பெண் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கேட்டல் 8.0, வாசிப்பு 7.5, பேச்சு 6.5, எழுத்து 5.5. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 6.875. அருகிலுள்ள அரைப் புள்ளிக்கு மாற்றினால் மொத்தம் 7.0. அவர் சேர விரும்பும் படிப்புக்குக் கேட்டது 6.5 மட்டுமே. நிம்மதியாக விண்ணப்பித்துவிட்டார். சில வாரங்களில் பதில் வருகிறது: ஆங்கிலத் தகுதி நிறைவேறவில்லை. காரணம், அந்தப் படிப்பின் பக்கத்தில் 6.5-ஐ ஒட்டியே இன்னொரு வரி இருந்தது: எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையக் கூடாது.

இப்படி வாசல்வரை வந்து நின்றுபோகிறவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். படிக்காமல் விட்ட ஒரு வரி, கணக்கில் எடுக்காத ஒரு தேதி, பாஸ்போர்ட்டோடு பொருந்தாத ஒரு பெயர் என்று ஏதோ ஒன்று தடுத்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி பயிற்சிப் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை, கல்லூரி என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. பணம் கட்டுவது ஆறாவது படியில்தான் வர வேண்டும்.

படி 1: தேர்வே தேவைதானா?

முதலில் விலக்கு உண்டா என்று பாருங்கள். ஆங்கிலம் பெரும்பான்மை மொழியாக உள்ள நாடுகளின் குடிமக்களுக்கும், அங்கே பட்டம் முடித்தவர்களுக்கும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன. ஆங்கில வழியில் மூன்று அல்லது நான்கு ஆண்டு பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு விலக்கு தரும் அமெரிக்கக் கல்லூரிகளும் இருக்கின்றன. சில இடங்களில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு, எழுத்துப் பகுதியில் குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தாலே போதும்.

ஆங்கில வழியில் படித்தோம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. படித்த நிறுவனத்திடமிருந்து பயிற்றுமொழிச் சான்று வேண்டும். நிறுவனத்தின் தலைப்புத் தாளில், பதிவாளர் அல்லது முதல்வரின் கையொப்பம், முத்திரை, தேதியோடு, பாடம் நடத்தியதும் தேர்வு எழுதியதும் ஆங்கிலத்தில்தான் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 'ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது' என்று எழுதிய சான்று எதற்கும் உதவாது.

இந்தச் சான்றை ஏற்பீர்களா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் 'பரவாயில்லை' என்று சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். விலக்கு கிடைத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: அது அந்தக் கல்லூரிக்கு மட்டும்தான். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், நான்கில் விலக்கு, ஒன்றில் இல்லை என்றால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

படி 2: தேவையை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, விண்ணப்பிக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வரிசை போட்டு, கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்.

எந்தெந்தத் தேர்வை ஏற்கிறார்கள் என்பது முதல் கேள்வி. தேர்வின் பெயரோடு அதன் வகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு உண்டு. பட்டப் படிப்புச் சேர்க்கைக்குக் கேட்பது அகாடமிக். ஜெனரல் டிரெய்னிங் பெரும்பாலும் குடியேற்றத்துக்கும் வேலைக்கும். பதிவு செய்யும்போது தவறான பெட்டியை டிக் செய்துவிட்டால் 8.0 எடுத்தாலும் பயனில்லை. டோஃபல் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்விலும் அப்படித்தான்: கல்லூரிச் சேர்க்கைக்கான டோஃபல் ஐபிடி வேறு, நிறுவனங்கள் தங்களுக்குள் நடத்தும் டோஃபல் ஐடிபி வேறு. வீட்டிலிருந்து எழுதும் வடிவத்தைச் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது.

மொத்த மதிப்பெண்ணையும் பிரிவுவாரிக் குறைந்தபட்சத்தையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். மேலே சொன்ன மாணவி தவறவிட்டது இரண்டாவது கட்டத்தைத்தான். பொறியியல், கணிதம் போன்ற துறைகளில் குறைவாகவும், சட்டம், மருத்துவம், செவிலியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, இதழியல் போன்றவற்றில் கூடுதலாகவும் கேட்பது வழக்கம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைக்கு இரண்டு எண் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கம் சொல்வது அடிமட்ட எல்லை, துறையின் பக்கம் அதற்கு மேலே கேட்கலாம். இரண்டும் வேறுபட்டால் அதிகமாக உள்ளதையே உங்கள் இலக்காக வையுங்கள்.

அடுத்தது செல்லுபடிக் காலம். டோஃபல், ஐஇஎல்டிஎஸ், பிடிஇ, டூயோலிங்கோ ஆகிய நான்கு ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் பொதுவாக 2 ஆண்டுக்குத்தான் ஏற்கப்படும். அந்த 2 ஆண்டு எந்த நாள்வரை எண்ணப்படுகிறது? சில இடங்களில் விண்ணப்பித்த நாள், சில இடங்களில் வகுப்பு தொடங்கும் நாள். தேர்வு எழுதி 20 மாதம் ஆன ஒருவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம்.

கடைசியாக, பழைய மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்ப்பார்களா என்பது. பல முறை டோஃபல் எழுதியவருக்கு ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததைத் திரட்டி 'மைபெஸ்ட்' என்று டோஃபலை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் 2019 முதல் தருகிறது. மதிப்பெண் தாளில் அது அச்சாகும். ஆனால் பல துறைகள் ஒரே நாளில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும்.

படி 3: நாடு கேட்பது வேறு, கல்லூரி கேட்பது வேறு

இவை இரண்டு தனித்தனி வாசல்கள். ஒன்றைத் தாண்டினால் மற்றதும் திறந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு.

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு என்று தனி ஆங்கில மதிப்பெண் கிடையாது, கல்லூரி முடிவு செய்வதே முடிவு. ஆனால் விசாவுக்காகக் கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்தில் மாணவரின் ஆங்கிலத் தகுதி பற்றிய குறிப்பு இருக்கும். கனடாவில் எஸ்டிஎஸ் என்ற விரைவு விசாத் திட்டம் இருந்தபோது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அதன் நிபந்தனைகளில் ஒன்று. 2024 நவம்பர் 8 அன்று அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆனால் அதை முன்வைத்து எழுதப்பட்ட பழைய அறிவுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, தேதி பார்த்துப் படியுங்கள். ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் தேவையை 5.5-லிருந்து 6.0 ஆக உயர்த்தியது. வீட்டிலிருந்து எழுதிய தேர்வுகளை அந்த விசாவுக்கு ஏற்பதில்லை.

பிரிட்டன் கொஞ்சம் சிக்கலானது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். பட்டப் படிப்புக்கும் அதற்கு மேலும் பி2 என்ற ஆங்கில நிலை வேண்டும், பட்டத்துக்குக் கீழான படிப்புக்கு பி1 (இந்த நிலைகள் என்ன என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்). நற்பதிவு உள்ள பல்கலைக்கழகங்கள் பட்டப் படிப்பு மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிடலாம் என்று விதி இருக்கிறது. அதனால் சாதாரண ஐஇஎல்டிஎஸ் அகாடமிக், டோஃபல் போன்றவை அங்கே செல்லும். ஆனால் பட்டத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்பில் சேர்பவருக்கு அரசு அங்கீகரித்த பாதுகாப்பான ஆங்கிலத் தேர்வு, அதாவது 'செல்ட்', தேவைப்படும். பிரிட்டன் விசாவுக்கான வடிவமான ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ அப்படிப்பட்டது. கேள்வியும் கடினமும் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போலத்தான், தேர்வு மையமும் கண்காணிப்பு விதிகளும் வேறு. நேரடியாகப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று நம்பி சாதாரணத் தேர்வை எழுதிவிட்டு, பிறகு ஃபவுண்டேஷனுக்கு மாற நேர்ந்தால் மீண்டும் பணம் கட்டி எழுத வேண்டிவரும். அந்த வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் முதலிலேயே யுகேவிஐ வடிவத்தை எழுதிவிடுங்கள், இரண்டுக்கும் அதுவே போதும்.

பி1, பி2, சி1 என்பவை ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலின் படிகள். ஏ1 தொடக்கம், சி2 உச்சம். பட்டப் படிப்புகள் பொதுவாக பி2-வின் மேல்பகுதியையோ சி1-ஐயோ கேட்கின்றன.

படி 4: எந்தத் தேர்வு?

'எது சுலபம்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் வேறு வரிசையில் யோசிக்கச் சொல்வேன். உங்கள் பட்டியலில் உள்ள எல்லா இடங்களும் ஏற்கும் தேர்வு எது என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் உங்கள் இயல்புக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள்.

ஐஇஎல்டிஎஸ் சுமார் 2 மணி 45 நிமிடம். மதிப்பெண் 0 முதல் 9 வரை அரை அரையாக ஏறும், அதைப் 'பேண்ட்' என்பார்கள். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், ஒரு மனிதரோடு நேருக்கு நேர் உரையாடல். இயந்திரத்திடம் பேசக் கூச்சப்படுபவருக்கு இது ஏற்றது.

டோஃபல் 1964-லிருந்து நடக்கிறது. இப்போதைய ஐபிடி வடிவம் 2005-ல் வந்தது, 2023 ஜூலையில் 2 மணி நேரத்துக்குள் சுருங்கியது. பிரிவுக்கு 30 வீதம் மொத்தம் 120 என்பதுதான் நெடுநாள் கணக்கு. 2026 ஜனவரி 21 முதல் அளவுகோல் 1 முதல் 6 வரை என மாறியிருக்கிறது. மாற்றக் காலமான 2 ஆண்டுக்கு 120-க்கான ஒப்பீட்டு மதிப்பெண்ணும் சேர்ந்தே வரும். வாசிப்பும் கேட்டலும் உங்கள் விடைகளைப் பொறுத்துக் கடினம் மாறும் வடிவத்துக்கு வந்துவிட்டன. பழைய பயிற்சிப் புத்தகத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்.

பிடிஇ அகாடமிக்கை பியர்சன் நடத்துகிறது. சுமார் 2 மணி நேரம், 10 முதல் 90 வரை மதிப்பெண், முழுவதும் கணினியில். முடிவு பெரும்பாலும் 2 நாளில் வந்துவிடும். ஒரே கேள்வி இரண்டு திறன்களுக்கு மதிப்பெண் தரும். கேட்ட வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும் கேள்வி கேட்டலுக்கும் பேச்சுக்கும் சேரும். அப்படிப்பட்ட கேள்வியில் சறுக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

டூயோலிங்கோ சுமார் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்தே, 10 முதல் 160 வரை. நான்கில் கட்டணம் குறைவு இதில்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக ஏற்கப்படுகிறது. பிரிட்டனின் 'செல்ட்' பட்டியலில் இல்லை.

கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்டு, சி2 புரொஃபிஷியன்சி சான்றிதழ்களுக்குக் காலாவதி கிடையாது. ஆனாலும் சமீபத்தில் எழுதியதா என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு.

ஒரு தேர்வின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு ஒப்பிடும் அட்டவணைகள் உள்ளன. பழைய டோஃபல் அளவில் 79 முதல் 93 வரை ஐஇஎல்டிஎஸ் 6.5-க்கும், 94 முதல் 101 வரை 7.0-க்கும் இணை என்பது இடிஎஸ் தந்த ஒப்பீடு. கல்லூரிகள் தங்களுக்கென்று வேறு அட்டவணை வைத்திருக்கும். உங்களுக்குப் பொருந்துவது உங்கள் கல்லூரியின் அட்டவணை மட்டுமே.

படி 5: நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விண்ணப்பக் கடைசி நாளை எழுதுங்கள். மதிப்பெண் அதற்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டுமா, அல்லது தேர்வை அதற்குள் எழுதினால் போதுமா என்று பாருங்கள். அங்கிருந்து பின்னால் வாருங்கள்: மதிப்பெண் போய்ச் சேர இரண்டு வாரம், முடிவு வர சில நாள், இரண்டாம் முறை எழுத ஒரு மாதம், அதற்கும் முன் முதல் முறை. ஆக முதல் தேர்வு கடைசி நாளுக்கு மூன்று மாதமாவது முன்னால் இருப்பது நல்லது. இரண்டாம் முயற்சிக்கு இடம் வைத்து எழுதுபவரின் மனநிலையே வேறு. கை நடுங்காது.

பயிற்சிக்கு எவ்வளவு காலம்? ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக, உதாரணமாக பி2-விலிருந்து சி1-க்கு, வழிகாட்டலுடன் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் மதிப்பீடு. நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 100 நாள். 'பத்தே நாளில் 8.0' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அந்த நிலையில் இருப்பவருக்குத் தேர்வின் வடிவம் பழக மூன்று நான்கு வாரம் போதும்.

படி 6: பதிவு

பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதற்கென்று அந்தத் தேர்வு சொல்லும் முறையைப் படித்துவிட்டு நிரப்புங்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் அதே வடிவம் இருக்கட்டும். மதிப்பெண் வந்து சேர்ந்தும் விண்ணப்பத்தோடு இணையாமல் கிடப்பதற்குப் பெயர் வேறுபாடு பெரிய காரணம். தேர்வு நாளுக்கு முன் பாஸ்போர்ட் காலாவதியாகிவிடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பார்வை, செவி, கற்றல் தொடர்பான குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்து போன்ற ஏற்பாடுகள் உண்டு. மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே கேட்க வேண்டும், ஒப்புதலுக்குச் சில வாரம் ஆகலாம். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

படி 7: பயிற்சி

முதல் நாளே, ஒன்றும் படிக்காமல், நேரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். தேர்வு நடத்தும் நிறுவனமே தரும் மாதிரித் தாளாக இருக்கட்டும். நான்கு பிரிவில் எது இலக்குக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள். நன்றாக வரும் பிரிவையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வது மனதுக்கு இதமாக இருக்கும், பிரிவுவாரிக் குறைந்தபட்சத்தைத் தாண்ட உதவாது.

பலருக்கும் இடிப்பது எழுத்து. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் முதல் பணிக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கு இரட்டை எடை, ஆகவே 60 நிமிடத்தில் 40-ஐ அதற்கு ஒதுக்குங்கள். மதிப்பிடும் அளவுகோல் நான்கு: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. இலக்கணத்தை மட்டுமே திருத்திக்கொண்டிருப்பவர் கால் பங்கைத்தான் திருத்துகிறார். கேள்வியில் 'எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்' என்று கேட்டிருக்க, நன்மை தீமைகளைப் பட்டியலிட்டு முடிப்பது முதல் அளவுகோலிலேயே அடிவாங்கும். மனப்பாடக் கட்டுரையைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதியதை யாராவது படித்துத் திருத்தித் தர வேண்டும், தனியாக எழுதி எழுதி வைத்தால் அதே பிழை ஊறிப்போகும்.

பேச்சுக்குக் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உச்சரிப்பு ஆங்கிலேயரைப் போல இருக்க வேண்டியதில்லை, புரிய வேண்டும், தங்குதடையின்றி ஓட வேண்டும். கேட்டலில் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். பேசுபவர் முதலில் ஒரு நாளைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்வார், விடை இரண்டாவதுதான். ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும். வாசிப்பில் 'தவறு', 'குறிப்பிடப்படவில்லை' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாகப் பழகுங்கள். பத்தி அதை மறுத்தால் தவறு, பேசவே இல்லை என்றால் குறிப்பிடப்படவில்லை. உங்கள் பொது அறிவை அங்கே கொண்டுவராதீர்கள்.

வீட்டிலிருந்து எழுதுபவர்கள் அறையையும் பழக வேண்டும். டூயோலிங்கோவில் காதுகள் தெரிய வேண்டும், ஹெட்ஃபோன் கூடாது, வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, திரைக்கு வெளியே அடிக்கடி பார்க்கக் கூடாது. யோசிக்கும்போது கூரையைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் அதை முன்பே விட்டுவிட வேண்டும்.

படி 8: முடிவு வந்த பிறகு

ஐஇஎல்டிஎஸ் சராசரி .25-ல் முடிந்தால் மேலே அரைக்கும், .75-ல் முடிந்தால் மேலே முழு எண்ணுக்கும் போகும். 6.25 என்பது 6.5 ஆகும், 6.125 என்பது 6.0 ஆக இறங்கும். எனவே ஒரு பிரிவில் அரைப் புள்ளி கூடினால் மொத்தமே மாறலாம்.

எழுத்திலோ பேச்சிலோ அரைப் புள்ளி குறைந்து, மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து அதைத் தாண்டியிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். ஐஇஎல்டிஎஸ்ஸில் 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் ஐஇஎல்டிஎஸ்ஸில் வந்திருக்கிறது: கணினி வழித் தேர்வு எழுதியவர் 60 நாளுக்குள் ஒரு பிரிவை மறுபடி எழுதலாம். முதல் பத்தியில் சொன்ன மாணவிக்கு இது வரம். எழுத்தில் 6.0 எடுத்தால் முடிந்தது. ஆனால் அப்படிப் பெற்ற மதிப்பெண்ணை எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை, பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

அப்படியும் எட்டவில்லையா? பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனையுடன் இடம் தருகின்றன. பிரிட்டனில் 'ப்ரீ-செஷனல்' என்ற சில வாரப் பயிற்சியை முடித்தால் பட்டப் படிப்பில் நுழையலாம். அமெரிக்காவில் தீவிர ஆங்கிலப் படிப்பை இணைத்துச் சேர்க்கை தரும் கல்லூரிகள் உண்டு. இதற்குத் தனிச் செலவும் காலமும் ஆகும், சில இடங்களில் விசா விதியும் மாறும். ஆனால் ஓராண்டை இழப்பதைவிட இது பலருக்கு நல்ல வழி.

படி 9: மதிப்பெண்ணை அனுப்புதல்

நீங்கள் ஏற்றும் பிடிஎஃப் நகல் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் ஏற்கப்படும். அதிகாரபூர்வ மதிப்பெண் தேர்வு நிறுவனத்திலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். டோஃபலில் தேர்வுக்கு முன்பே தேர்ந்தெடுத்தால் 4 இடங்களுக்கு இலவசம். பிடிஇயிலும் டூயோலிங்கோவிலும் எத்தனை இடத்துக்கும் கட்டணமில்லை. டோஃபலுக்கு நிறுவனக் குறியீட்டு எண் கேட்கும். ஒரே பல்கலைக்கழகத்தில் இளநிலைக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று என இருக்கலாம், துறையின் பக்கத்தில் உள்ள எண்ணையே போடுங்கள்.

அனுப்பிய ரசீதைச் சேமித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து விண்ணப்ப போர்ட்டலைத் திறந்து, ஆங்கிலத் தேர்வு என்ற வரிக்கு எதிரே 'பெறப்பட்டது' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறவில்லை என்றால் விண்ணப்ப எண், தேர்வுப் பதிவு எண், தேர்வு நாள், பிறந்த தேதி நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்த வரி மாறும்வரை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள்.